டென்ஷனுக்கு என்ன வழி? வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பல கடிதங்களில் ஒரே குறை: “பயிற்சி செய்து பார்த்தேன், பலனில்லை.” எப்போது செய்தீர்கள் என்று பார்த்தால், படபடப்பு உச்சியில் நிற்கும்போதுதான் முதல் தடவையாகச் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் உடம்பு கற்றுக்கொள்ளாது. கீழே சொல்லியிருப்பவை எல்லாமே மனசு சும்மா இருக்கிற நாளில் பழகி வைக்க வேண்டியவை.

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றாலே, லேட்டாகிவிடுமே என்று நெஞ்சு படபடக்கிறது. மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. மூச்சுப் பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாதா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஒத்துக்கொள்ளும். ‘நன்றாக இழுத்து’ என்று சொன்னதில்தான் கோளாறு. படபடப்பில் ஏற்கெனவே வேகமாக மூச்சு விடுகிறீர்கள். அதற்கு மேல் பெரிய பெரிய மூச்சாக இழுத்து விட்டால் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றலும், விரலிலும் உதட்டைச் சுற்றியும் வரும் மரமரப்பும் கரியமில வாயு குறைவதால்தான். ஆபத்தில்லை, ஆனால் ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற பயத்தை அது இரட்டிப்பாக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஆழமான மூச்சு அல்ல, சின்ன மூச்சு. மடியில் இருக்கும் பையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வாயை மூடி, மூக்கு வழியாக, பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக 4 எண்ணும் வரை இழுங்கள். பை லேசாக முன்னே தள்ள வேண்டும், தோள் உயரக் கூடாது. நடுவில் நிறுத்தாமல், 6 எண்ணும் வரை விடுங்கள். நொடிக்கு ஒரு எண் என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும், 5 நிமிடத்தில் 30. இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். அதனால்தான் விடும் பங்கை நீளமாக வைக்கிறோம்.

4-6 எண்ணும்போதே மூச்சு முட்டினால் 3-4 என்று தொடங்குங்கள். ஒரு வாரத்தில் தானாக நீளும். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பக வகையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பி.பி. உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை அறவே தவிர்க்கலாம்.

எங்கே பழகுவது என்பது முக்கியம். முள்ளோடையிலிருந்து தவளக்குப்பம் வரை பஸ் ஓடிக்கொண்டிருக்கும், மனசும் ஓரளவு அமைதியாக இருக்கும். அந்தத் தூரத்தில் தினமும் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, பாலத்தில் பஸ் நிற்கும்போது அதே 4-6 கைகொடுக்கும். பாலத்தில் மட்டுமே செய்து வந்தால், பாலம் வந்தாலே மூச்சைக் கவனிக்க ஆரம்பித்து, அதுவே படபடப்புக்குத் தொடக்கமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவுவது, குப்பென்று வேர்ப்பது, மாடி ஏறினால் வலி கூடுவது – இவை இருந்தால் ‘டென்ஷன்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் ஈ.சி.ஜி. அவசரம் என்றால் 108.

கேள்வி: நைட் ஷிப்ட் 10 மணியிலிருந்து 6 மணி வரை. பகலில் மூன்று மணி நேரம்கூடத் தூக்கம் வருவதில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். ஷிப்டில் நான்கைந்து காபி குடிக்கிறேன். யோகா வகுப்பில் சேரலாமா?
– வாசகர், நெய்வேலி நகரியம்

பதில்: யோகா பிறகு. உங்கள் எரிச்சலில் பெரும்பங்கு தூக்கக் குறைவுதான். அதைச் சரி செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பாதிப் பலன்கூட வராது.

முதலில் காபி. குடித்த காபியில் உள்ள காஃபினில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடிகாலை 4 மணிக்கு ஒரு டம்ளர் என்றால், 9 மணிக்கு நீங்கள் படுக்கையில் புரளும்போது அதில் பாதி இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே காபி எல்லாம் ஷிப்டின் முதல் பாதியோடு சரி. ஒன்று 10 மணிக்கு, ஒன்று 12 அல்லது 1 மணிக்கு. அதற்கப்புறம் தண்ணீர், மோர். இப்போது ஐந்து குடிப்பவர் ஒரே நாளில் இரண்டுக்கு இறங்கினால் இரண்டு மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது. ஆகவே சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளுக்கு மாறுவதும் ஒரு வழி, ருசிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும்.

விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பின் வெப்பம் இறங்கிக் கிடக்கும் நேரம். கண் சொருகுவது அப்போதுதான். இடைவேளை கிடைத்தால் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுவீர்கள். எழும்போது மந்தமாக இருக்கும், மெஷின் பக்கம் நிற்கிற வேலைக்கு அது ஆபத்து. 2 மணிக்குப் பரோட்டா, பிரியாணி வேண்டாம். அந்த நேரத்தில் செரிமானமும் மெதுவாகத்தான் நடக்கும். ஷிப்டுக்குப் போகும் முன் சாப்பாடு, நடுவில் இரண்டு இட்லி அல்லது வாழைப்பழம், வேர்க்கடலை போதும்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் நெய்வேலி வெயில் முகத்தில் அடிக்கும். ‘பகல் தொடங்கிவிட்டது’ என்று மூளைக்குச் சொல்வது அந்த வெளிச்சம்தான். தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ உதவும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டுகிறவர் என்றால் கறுப்புக் கண்ணாடி கலக்கத்தைக் கூட்டும். அப்போது கண்ணாடியை விட்டுவிட்டு, கூட வேலை செய்பவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வாருங்கள்.

வீட்டுக்கு வந்து குளித்து, லேசாகச் சாப்பிட்டு, 7.30-க்குள் படுங்கள். ‘ஒரு வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம்’ என்று பேங்குக்கும் மார்க்கெட்டுக்கும் போனால் 10 மணி ஆகும். அதற்குள் உடம்பின் கடிகாரம் உங்களை எழுப்பிவிடும். ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி, ஓரங்களில் வெளிச்சம் கசியாதபடி கிளிப். ஃபேன் சத்தம் தெருச் சத்தத்தை அமுக்கும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் ஐந்து மணி நேரம், சாயங்காலம் ஷிப்டுக்கு முன் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கினாலும் கணக்கில் சேரும்.

படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில், மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள். கண் செருகும்போது திரும்பிப் படுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். மணி பார்க்கப் பார்க்க, ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் பாக்கி’ என்ற கணக்கே தூக்கத்தை விரட்டும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எழுந்ததும் அரை மணி நேரம் பள்ளி ஃபீஸ், சொந்தக்காரர் கல்யாணம் எதையும் அவரிடம் எடுக்க வேண்டாம். அந்த அரை மணியில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன.

கேள்வி: விசைப்படகுத் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வருமானம் இல்லை. மூன்று குழுக் கடன் தவணை வாரா வாரம் வருகிறது. ராத்திரி 2 மணிக்கு விழித்தால் விடியும் வரை கணக்குத்தான் ஓடுகிறது. வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: 61 நாள் வருமானமில்லாத கவலையைத் ‘தியானம் செய்யுங்கள்’ என்று சொல்லித் தீர்க்க முடியாது. இரண்டு வேலை இருக்கிறது: ஒன்று பகலில், ஒன்று ராத்திரியில்.

பகலில் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். சாயங்காலம் 5 மணி என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் அதுதான் ‘கவலைப்படும் நேரம்’. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: தவணை எவ்வளவு, எந்தக் கிழமை, இன்னும் எத்தனை வாரம். அதற்குக் கீழே இரண்டு பத்தி. ஒரு பக்கம் இந்த வாரம் செய்யக்கூடியது: குழுத் தலைவியிடம் பேசுவது, தடைக்கால நிவாரணத்துக்கு அட்டையும் பேங்க் புத்தகமும் சரியாக இருக்கின்றனவா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் பார்ப்பது. இன்னொரு பக்கம் உங்கள் கையில் இல்லாதது: மீன் விலை, டீசல் விலை, ஜூனில் காற்று. இந்தப் பக்கத்தை எழுதி மூடிவிட வேண்டியதுதான். 20 நிமிடம் ஆனதும் நோட்டு அலமாரிக்குள்.

ராத்திரி விழித்துக் கணக்கு ஓடினால் அதை அடக்கப் பார்க்காதீர்கள். அடக்க அடக்க அதிகமாகும். தலைமாட்டில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வையுங்கள். ‘வெள்ளிக்கிழமைத் தவணை’ என்று ஒரே ஒரு வார்த்தையைக் கிறுக்கிவிட்டு, நாளை 5 மணிக்கு என்று தள்ளுங்கள். மறுநாள் 5 மணிக்கு உண்மையாகவே அதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏமாற்றினால் மனசு அடுத்த ராத்திரி நம்பாது. முதல் வாரம் பத்துத் தடவை தள்ள வேண்டியிருக்கும், அது தோல்வி இல்லை. இந்த முறை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: 20 நிமிடம் ஒரு மணியாக நீளுவது, அல்லது நோட்டைப் படுக்கைக்குக் கொண்டுபோவது.

கடன் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை: 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்பம் மாதா மாதம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி குறுங்கடன் (உங்கள் குழுக் கடன் போன்றது) தரக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் உங்களை அழைக்கக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, சொந்தக்காரர்களைத் தொல்லை செய்வது எதுவும் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திலேயே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்கலாம். தவணையைத் தள்ளிக் கேட்பதானால் தடை தொடங்கும் முன்பே கேளுங்கள். தவணை நாளன்று கேட்டால் வாங்க வருபவருக்கும் அதிகாரம் இருக்காது. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுப்பதை மட்டும் இந்த இரண்டு மாதம் செய்யாதீர்கள்.

வீட்டுக்காரருக்கு: சரக்கு சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் எரிச்சலும் படபடப்பும் கூடும். கணக்கை அவர் குடித்திருக்கும்போது பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வேர்வை, சிலருக்கு வலிப்புகூட வரும். ஆகவே நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: மகள் நீட் எழுதப் போகிறாள். மாதிரித் தேர்விலேயே ‘பிளாங்க்’ ஆகிவிடுகிறது என்று அழுகிறாள்.
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பயத்தில் மனசு ஒரே சமயத்தில் பல விஷயங்களைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது. படித்தது அழியவில்லை. அந்த நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, மெதுவாக ஐந்து மூச்சு வெளியே விடச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பக்கத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய ஒரு கேள்வியைப் போடட்டும். மொத்தம் ஒரு நிமிடம்தான். 180 நிமிடத்தில் 180 கேள்வி என்பதால் ஒரு கேள்வியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டுவதைவிட இது லாபம்.

தேர்வு பகல் 2 மணிக்கு. மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில், மர நாற்காலியில், ஃபேன் குறைத்து எழுத வையுங்கள். அதிகாலை நான்கு மணிக்குப் படித்துப் பழகியவளுக்கு மதியம் கண் சொருகும். அன்றைக்கென்று புதிதாக ஸ்ட்ராங் காபி வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கும் வேண்டாம்.

கேள்வி: கம்ப்யூட்டரில் எட்டு மணி நேர வேலை. சாயங்காலம் கழுத்து, தோள், தாடை எல்லாம் கல்லாகிவிடுகிறது. தைலம் தேய்த்தால் அப்போதைக்குத்தான்.
– வாசகர், வில்லியனூர்

பதில்: எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் வகுத்த தசைத் தளர்ச்சி முறை உங்களுக்குப் பொருந்தும். இறுகியிருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வேண்டுமென்றே இறுக்கி விட்டால்தான் வித்தியாசம் புரியும்.

பாயில் மல்லாந்து படுங்கள். வலது கையை முஷ்டியாக்கி 5 நொடி இறுக்குங்கள். முழு பலத்தில் முக்கால் பங்கு போதும். சட்டென்று விடுங்கள், மெதுவாக அல்ல. 20 நொடி அந்தக் கை எப்படிக் கனத்துக் கிடக்கிறது என்று கவனியுங்கள். இன்னொரு தடவை. பிறகு இடது கை, தோளைக் காதுவரை தூக்குவது, நெற்றியைச் சுருக்குவது, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று வரிசை. மொத்தம் கால் மணி நேரம். கெண்டைக்காலுக்குப் பாதத்தை முன்னே நீட்டாதீர்கள், குரக்களி பிடித்துக்கொள்ளும். விரல்களை உங்கள் பக்கம் மடக்குங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் கழுத்தை விட்டுவிடலாம்.

தாடையை மட்டும் இறுக்காமல் தளர்த்துங்கள்: உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் தொடக் கூடாது, நாக்கு மேலண்ணத்தில். இதை ஆபீஸிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். பல் ஒட்டியிருந்தால் நீங்கள் எதையோ கடித்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: பெஞ்சல் புயலுக்குப் பிறகு அப்பாவுக்கு மழை என்றாலே பதற்றம். நியூஸ் சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். தூங்குவதில்லை.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 2004 சுனாமி, 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 பெஞ்சல், அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த தண்ணீர். இத்தனையும் பார்த்த ஊரில் அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள், அவர் நம்பமாட்டார். வேலை கொடுங்கள்.

அக்டோபர் பிறக்கும்போதே அவர் கையால் ஒரு பை தயார் செய்யச் சொல்லுங்கள்: ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல்கள் பிளாஸ்டிக் உறையில், ஒரு வாரத்து மாத்திரை, டார்ச், பவர் பேங்க், அவல், தீப்பெட்டி, மாற்று வேட்டி. எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் கிளம்புவது, யார் வீட்டுக்கு, எந்தத் தெரு வழியாக என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இது முடிவானால் ராத்திரி மழையில் அவர் யோசிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

புயல் சமயத்தில் வானிலை மையத்தின் அறிக்கை 3 மணி நேரத்துக்கு ஒரு முறை வரும். நடுவில் சேனல்கள் காட்டுவது பழைய படத்தைத்தான். காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று வேளை பார்த்தால் போதும். கெட்ட கனவு, அன்றைய காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதற்கென்றே பேச்சு சிகிச்சை உண்டு.

கேள்வி: புதுச்சேரி பீச் ரோட்டில் தினமும் நடக்கிறேன். அது போதாதா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில், வாரம் ஐந்து நாள் என்றால் நல்ல அடித்தளம். காதில் ஆபீஸ் போன் மாட்டிக்கொண்டு நடந்தால் அது காலுக்கு மட்டும் பயிற்சி.

கேள்வி: மெடிக்கலில் நண்பர் வாங்கித் தந்த அல்பிரசோலம் மாத்திரை ராத்திரி ஒன்று போடுகிறேன், நான்கு மாதமாக. நன்றாகத் தூக்கம் வருகிறது. இப்போது விட்டால் தூக்கமே இல்லை. என்ன செய்ய?
– வாசகர், பண்ருட்டி

பதில்: நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று விட்டால் முன்பைவிட மோசமான தூக்கமின்மை, நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு வரலாம். ‘மாத்திரை இல்லாவிட்டால் எனக்குத் தூக்கமே வராது’ என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் விடுவதால் வரும் விளைவுதான், உங்கள் பழைய வியாதி அல்ல. அளவைப் படிப்படியாக, வாரக் கணக்கில் குறைக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை மதுவோடு சேர்க்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். போட்ட ராத்திரி வண்டி ஓட்டாதீர்கள்.

மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ள மாத்திரை இது, கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டியதும்கூட. நண்பரிடம் அதைச் சொல்லுங்கள். ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மில்லிகிராம் அளவு அதில்தான் இருக்கும். போவதற்குக் கூச்சமாக இருந்தால் முதலில் டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசு சேவை, 24 மணி நேரமும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள், வீட்டில் அப்படி யாராவது பேசக் கேட்டவர்கள், டாக்டர் நேரம் கிடைக்கும் வரை காத்திருக்காமல் இதே எண்ணை உடனே அழைக்க வேண்டும்.